குடலில் ஈஸ்ட்: பட்டினி போட்டால் சாகுமா?

காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்ப வேண்டுமாம். கால் மணி நேரத்தில் அதிலிருந்து நூல் நூலாகக் கீழே இறங்கினால் குடலில் 'கேண்டிடா' என்ற ஈஸ்ட் பெருகிவிட்டது என்று அர்த்தமாம். வாட்ஸ்அப்பில் இந்தச் சோதனை விடாமல் சுற்றி வருகிறது. எச்சிலில் மியூசின் என்ற வழவழப்பான புரதம் இருக்கிறது. ராத்திரி முழுக்க வாய் காய்ந்து கிடந்தால் அது கெட்டிப்படும். தண்ணீரில் விட்டால் நூலாகத்தான் இறங்கும். யார் துப்பினாலும் இறங்கும். இதைப் பார்த்துப் பயந்துபோய், ஈஸ்ட்டைப் பட்டினி போடுவதாக நினைத்து, மறுநாளே அரிசி, பால், பழம், தோசை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் பாவம்.

அதற்காகக் குடலில் ஈஸ்ட் என்பதே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை, நம்மில் பாதிப் பேருக்கு மேல் வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே குடியிருக்கிறது. வயிற்று அமிலம், பித்தநீர், குடலின் அசைவு, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள், நோய் எதிர்ப்பு சக்தி என்று ஐந்து காவல்காரர்கள் அதை மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். காவல் தளர்ந்தால்தான் அது எழுந்திருக்கும். அதனால் மலத்தைக் கல்ச்சர் செய்து, அதாவது ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து, 'கேண்டிடா வளர்ந்தது' என்று ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரே பெயரில் மூன்று வேறு சங்கதிகள் பேசப்படுகின்றன. அதைப் பிரிக்காமல் சாப்பாட்டுப் பேச்சுக்குள் போனால் எல்லாம் குழம்பிவிடும்.

முதலாவது, கண்ணால் பார்க்கக்கூடிய தொற்று. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை படரும். துணியால் துடைத்தால் பெயர்ந்து வந்து அடியில் சிவந்திருக்கும். உணவுக்குழாய்க்கு இறங்கிவிட்டால் விழுங்கும்போது வலிக்கும், சோறு நெஞ்சில் அடைக்கும். கட்டுப்பாடில்லாத சுகர், கீமோதெரபி, எச்.ஐ.வி., ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு, ராத்திரியும் கழற்றாத பல்செட் ஆகியவை வழக்கமான காரணங்கள். இதற்கு மருந்துதான். எந்தப் பத்தியமும் போதாது. (எல்லா வெள்ளை நாக்கும் இது இல்லை. துடைத்தால் போகாமல் மெல்லிய பூச்சாக இருப்பது பெரும்பாலும் சாதாரண நாக்கு அழுக்கு.)

இரண்டாவது, சிறுகுடலில் பூஞ்சைப் பெருக்கம். இங்கே ஈஸ்ட் திசுவுக்குள் நுழைவதில்லை. அதிகம் இருக்கக் கூடாத சிறுகுடலில் கூட்டம் கூடிவிடுகிறது. உப்புசம், ஏப்பம், சாப்பிட்டதும் வயிறு கனப்பது, குமட்டல், கொஞ்சம் பேதி. உறுதி செய்ய வேண்டுமானால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடல் நீரை உறிஞ்சியெடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லியில் ஆயிரம் அல்லது அதற்கு மேல் பூஞ்சை வளர்ந்தால் பெருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். குடல் அசைவு மந்தமாக இருப்பவர்களிடமும், ஆண்டுக்கணக்கில் 'கேஸ் மாத்திரை' போடுகிறவர்களிடமும் இதை அதிகம் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் இந்தப் பரிசோதனை எளிதில் கிடைப்பதில்லை.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் கேண்டிடாதான் காரணம் என்ற வாதம். சோர்வு, தலைவலி, மறதி, மூட்டுவலி, கோபம் எல்லாமே ஈஸ்ட்டால் என்பது 1980-களில் அமெரிக்காவில் கிளம்பிய பேச்சு. அலபாமாவில் இந்தப் புகார்களோடு வந்த 42 பெண்களுக்கு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லியையும் மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்ணுறுப்பு அரிப்பு மருந்தில் குறைந்தது. சோர்வு, மனச்சோர்வு போன்றவற்றில் மருந்துக்கும் போலிக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. (நிஸ்டாட்டின் என்ற பெயருக்குள் நியூயார்க் மாநிலம் ஒளிந்திருக்கிறது. அந்த மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் 1950-இல் கண்டுபிடித்தது.)

இனி, சர்க்கரையை நிறுத்தினால் ஈஸ்ட் பட்டினியில் செத்துவிடும் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாவில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் பேக்கரி ஈஸ்ட் எப்படிப் பொங்குகிறது என்று பார்த்திருக்கிறோம். ஆனால் குடல் மாவுப் பாத்திரம் இல்லை. நாம் சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பகுதி சிறுகுடலின் மேல்பகுதியிலேயே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. கேண்டிடா அதிகம் வாழும் பெருங்குடலுக்கு அது வந்து சேர்வதே இல்லை. ஜெர்மனியில் ஆரோக்கியமான 28 பேருக்குச் சர்க்கரையைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த 1999-ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலோருக்கு மலத்தில் கேண்டிடா எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. எலிகளிடம் ஏறியிருக்கிறது. மனிதர்களிடம் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

அப்படியானால் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது ஏன்? இரண்டு காரணங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எச்சிலிலும் திசுக்களிலும் ஏறும், வெள்ளை அணுக்களின் வேலையும் மந்தமாகும். ஈஸ்ட்டுக்கு அது திறந்த வீடு. அடுத்து, தட்டில் சர்க்கரையும் மைதாவும் அடைத்திருக்கும் இடத்தில்தான் நார்ச்சத்து உட்கார வேண்டும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரிக், அசிட்டிக் போன்ற அமிலங்களைச் சுரக்கின்றன. அந்தப் புளித்த சூழலில் கேண்டிடா தழைப்பதில்லை. திசுவைத் துளைக்கும் நூல் வடிவத்துக்கு மாறுவதும் தடைபடுகிறது. ஆக, ஈஸ்ட்டைப் பட்டினி போடுவது நடக்கிற காரியமில்லை. அதன் காவல்காரர்களுக்குச் சோறு போடுவது நடக்கிற காரியம். கேண்டிடா டயட் என்ற பெயரில் வரும் பட்டியல்கள் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: பருப்பு கூடாது, பழம் கூடாது, கிழங்கு கூடாது, தயிர் கூடாது. பாக்டீரியாவைப் பட்டினி போட்டுவிட்டு ஈஸ்ட் அடங்கும் என்று காத்திருப்பது.

அந்தப் பட்டியல்களால் சிலருக்கு உப்புசம் குறைவதும் உண்மைதான். காரணம் வேறு. பால் போனது, கோதுமை போனது, வெங்காயம் போனது, பிஸ்கட் போனது. நம் தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை முழுதாகச் செரிக்காது. பாலை நிறுத்தியதில் வயிறு அடங்கும், பழி ஈஸ்ட் மேல் விழும். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஐந்து நாள் பால், பால் காபி, பால்கோவா, ஐஸ்கிரீம் எதுவும் வேண்டாம். ஆறாம் நாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை போடாத பால் 250 மில்லி குடித்துவிட்டு நான்கு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் இருங்கள். வயிறு கடமுடவென்று உருண்டு, காற்றுப் பிரிந்து, பேதியும் ஆனால் ஆள் பிடிபட்டது. அது ஈஸ்ட் இல்லை. (சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்தச் சோதனையை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.)

சமையலறைக்குள் போவதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். என் கணிப்பில் இந்த விஷயத்தில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. சளி, காய்ச்சல் என்று மெடிக்கலில் தானே கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் குடல் பாக்டீரியாவைக் கும்பலாக அழிக்கிறது. ஈஸ்ட்டை ஒன்றும் செய்வதில்லை. அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. சுகாதார அமைச்சகம் 2016-இலிருந்து இதைச் சொல்லி வருகிறது. சளிக்காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடக்கூடச் செய்யாது. அடுத்தது கேஸ் மாத்திரை: பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ராபிப்ரசோல். இரண்டு மாதத்துக்கு எழுதித் தந்ததை ஆறு வருஷமாகப் போடுகிற வீடுகள் நம் ஊரில் எத்தனை! அமிலம் முதல் காவல்காரன். அவனைத் தினமும் காலையில் தூங்க வைக்கிறோம். ஆனால் படக்கென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரிச்சல் திரும்பும், 'ஐயோ, மாத்திரை இல்லாமல் முடியாது' என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். மருத்துவரிடம் கேட்டு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் என்று இறக்க வேண்டும். ரத்தம் மெலியும் மருந்தோ வலி மாத்திரையோ எடுப்பவர்களுக்கு வயிற்றுப் புண் வராமல் இருக்கவே இதைக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் தாமாகக் கைவைக்கக் கூடாது.

இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புவது, பல்செட்டை ராத்திரி கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டு வைப்பது, மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்ப்பது. இம்மூன்றும் எந்தச் சிறுதானியக் கஞ்சியைவிடவும் அதிகம் செய்யும். மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் எல்லைக்கோடு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு.

இப்போது தட்டு. நான்கு வாரம் போதும். ஆயுள் தண்டனை வேண்டாம்.

முதல் வாரம் சர்க்கரையைக் குறைப்பது மட்டும். மற்ற எதையும் மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும். டீஸ்பூனைத் தட்டையாக எடுத்தால் 4 கிராம் சர்க்கரை, குவித்து எடுத்தால் ஆறு ஏழு கிராம். நாளுக்கு நான்கு டம்ளர் காபி, டீ, ஒவ்வொன்றிலும் குவித்து இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராமைத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன விரும்பத்தக்க வரம்பு ஏறத்தாழ 25 கிராம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கலாம், ஆனால் எடையில் பெரும்பகுதி சர்க்கரைதான். கருப்பட்டிக் காபி உடம்புக்கு நல்லது என்று மூன்று டம்ளர் குடிப்பவரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார், பரவாயில்லை.

கண்ணுக்குத் தெரியாத சர்க்கரைதான் பெரிய தொல்லை. இருமல் சிரப். 'சத்து பானம்' என்று பாலில் கலக்கும் மால்ட் பொடிகள். தக்காளி சாஸ், ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. லேகியங்கள், பாதிக்கு மேல் வெல்லமோ சர்க்கரையோ தேனோ. செரிமானத்துக்கு என்று குடிக்கும் அரிஷ்டங்களும் ஆசவங்களும் வெல்லம் போட்டுப் புளிக்க வைத்தவை. அவற்றில் ஈஸ்ட் தானே உண்டாக்கிய ஆல்கஹாலும் மீந்த சர்க்கரையும் இருக்கும். உப்புசத்துக்கு மருந்து என்று வேளைக்கு 30 மில்லி ஊற்றிக்கொள்கிறவர் சர்க்கரையைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வைத்தியரிடம் கேட்டு அதே மூலிகையைச் சூரணமாகவோ கஷாயமாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரம் சோற்றின் அளவு. வேகவைத்த சோறு 150 கிராம், அதாவது சின்னக் கிண்ணம் ஒன்று தலைதட்டி, 40 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து தரும். மதியம் ஒன்றரைக் கிண்ணத்தோடு நிறுத்தி, காலியான இடத்தில் காய் வர வேண்டும். ஒரு நாளுக்கு 400 கிராம் காய், கீரை. 2024-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் இதே அளவுதான். 400 கிராம் என்பது எவ்வளவு என்று ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள்: ஒரு கட்டுக் கீரையும், ஒரு கை அவரைக்காயும், பாதிச் சுரைக்காயும். நாம் சாதாரணமாகப் 'பொரியல்' என்று தட்டோரத்தில் வைப்பது அதில் கால்வாசிகூட இருக்காது. அவரை, வெண்டை, கோவை, புடலை, பீர்க்கை, சுரை, வாழைப்பூ, வாழைத்தண்டு எதுவானாலும் சரி. வாழைக்காயை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள செரிக்காத மாவுச்சத்து நேராகப் பெருங்குடல் பாக்டீரியாவுக்குப் போய்ச் சேரும். வறுவலாக இல்லாமல் ஆவியில் வேகவைத்துப் புட்டாகச் செய்வது நல்லது.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமை, வரகு, கேழ்வரகில் 65 சுற்றுவட்டாரம். மலையளவு வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தில்தான் வித்தியாசம்: அரிசியில் 3 கிராமுக்குக் கீழே, கேழ்வரகில் 11. ஆனால் அதை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி மடமடவென்று குடித்தால் அந்த லாபமும் கரைந்துவிடும். சர்க்கரை ரத்தத்தில் வேகமாக ஏறும். களியாகவோ அடையாகவோ கடித்துச் சாப்பிடுங்கள். ஜவ்வரிசி, சேமியா, பரோட்டா, ரஸ்க் நான்கும் இந்த ஒரு மாதம் வீட்டுப் படி ஏற வேண்டாம்.

மூன்றாம் வாரம் பருப்பும் சுண்டலும். கறுப்புக் கொண்டைக்கடலை 100 கிராமில் 25 கிராம் நார்ச்சத்து. ஆனால் இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முதல் நாளே ஒரு கிண்ணம் சுண்டல் தின்றுவிட்டு வயிறு உப்பி, 'பார்த்தாயா, ஈஸ்ட் பொங்குகிறது' என்கிறார்கள். அது ஈஸ்ட் இல்லை. பழக்கமில்லாத பாக்டீரியா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ராத்திரி 10 மணி நேரம் நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில் விட்டு, விரலில் நசுங்கும் வரை வேகவிடுங்கள். காற்றைக் கிளப்பும் சில சர்க்கரைகள் ஊறிய தண்ணீரோடு போய்விடும். முதல் மூன்று நாள் இரண்டு டேபிள்ஸ்பூன். பிறகு மூன்று நாளைக்கு ஒரு ஸ்பூனாக ஏற்றி அரைக் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பெருங்காயமும் இஞ்சியும் தாளிப்பில் இருக்கட்டும். பத்து நாளுக்குப் பிறகும் அதே உப்புசம் தொடர்ந்தால் பாசிப்பயறுக்கு இறங்குங்கள். எரிச்சல் குடல் நோய் (IBS) உள்ளவர்களுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாமலே போகலாம்.

இந்த மூன்று வாரமும் கூடவே ஓட வேண்டிய ஒன்று, சாப்பாட்டுக்கு நடுவே இடைவெளி. வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றிலிருந்து சிறுகுடல் வரை ஒரு அலை ஓடுகிறது. மீந்த துணுக்கு, செத்த செல், நுண்ணுயிர் எல்லாவற்றையும் கீழே கூட்டித் தள்ளுகிற விளக்குமாறு அது. ஏதாவது வாயில் போட்டதும் அலை நின்றுவிடும். பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், நாலு மணிக்கு மிக்சர், ஆறு மணிக்குப் பஜ்ஜி என்றால் விளக்குமாறுக்கு வேலையே இல்லை. சிறுகுடலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ கூட்டம் கூடுவதில் இந்த அசைவுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்று வேளை, நடுவே நான்கு மணி நேரம், அதில் தண்ணீர் மட்டும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள்.

புளித்த உணவு கூடாது என்று அந்த டயட் பட்டியல்கள் போடும் தடையைத் தாராளமாக மீறலாம். இட்லி மாவைப் பொங்க வைப்பது முக்கியமாக லாக்டிக் அமில பாக்டீரியா. கூட இருக்கும் கொஞ்சநஞ்ச ஈஸ்ட்டும் கேண்டிடா அல்பிகன்ஸ் இல்லை, ஆவியில் செத்தும்விடும். பிரெட்டில் இருப்பது இன்னொரு ஈஸ்ட். அதுவும் அடுப்பிலேயே சாகிறது. பிரெட்டைக் குறைப்பதற்குக் காரணம் மைதாவும் சர்க்கரையும்தான். பழைய சோறும் இந்த வகையில் நல்லதே. ராத்திரி ஆறிய சோற்றில் மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் இளம்புளிப்பு வரும். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்தும் கொஞ்சம் கூடும். கத்திரி வெயிலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

தயிரைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுத் தயிரில் ஈஸ்ட் புகுவது கண்ணெதிரே தெரியும் விஷயம். அரை லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, சுண்டுவிரலை விட்டால் பத்து எண்ணும்வரை தாங்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஏறத்தாழ 42 டிகிரி. ஒரு டீஸ்பூன் உறைத் தயிரைக் கலக்கி மூடி, ஆடாமல் ஆறு மணி நேரம். கத்தியால் வெட்டினால் வழுவழுவென்று வெட்டுப்படும், மேலே தெளிந்த நீர் மெல்லியதாக நிற்கும், வாசனை இளம்புளிப்பு. இதுதான் சரியான தயிர். அதற்கு மாறாக நடுவில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள், ஓரத்தில் நுரை, மூடியைத் திறந்ததும் கள் வாடை என்றால் உள்ளே ஈஸ்ட் புகுந்துவிட்டது. மாதக்கணக்கில் ஒரே உறையை ஓட்டுவது, ஈரக் கரண்டி, சாதம் பட்ட கரண்டி ஆகியவற்றால்தான் அது வருகிறது. அந்தத் தயிரால் குடலில் கேண்டிடா வராது. ஆனால் நாம் வேண்டுகிற பாக்டீரியாவும் அதில் குறைந்திருக்கும். கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவி, புது உறை வாங்குங்கள். ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிராம் போதும். கொதிக்கும் மோர்க்குழம்பில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மாவுக்கும் இதே கண். மேலே இளஞ்சிவப்புப் படலமோ பூஞ்சைப் பொட்டோ தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு அடியை எடுக்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு இந்த விஷயத்தில் பெரிய பேர். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளுக்குத் தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள தீனி கொடுத்தபோது குடல் கேண்டிடா மிகவும் குறைந்தது உண்மை. எலி தின்ற விகிதத்தில் நாம் தின்றால் கொழுப்பு எகிறிவிடும். தாளிக்கிற எண்ணெயில் இரண்டு மூன்று டீஸ்பூனைத் தேங்காய் எண்ணெயாக மாற்றிக்கொள்ளலாம், அதற்குமேல் காலையில் வெறும் வயிற்றில் ஸ்பூன் ஸ்பூனாக விழுங்க வேண்டியதில்லை. பூண்டு: நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்தால் அல்லிசின் உண்டாகும், ஆய்வுக்கூடத் தட்டில் அது கேண்டிடாவை அடக்கும். குடலில் அவ்வளவு தூரம் போகிறதா என்பது வேறு கேள்வி. ரசத்தில் நாலு பல் தட்டிப் போடுங்கள், ருசிக்காவது ஆகும். ஆப்பிள் சைடர் வினிகர் பல் எனாமலை அரிக்கும், நெஞ்செரிச்சலைக் கிளப்பும், வேண்டாம். விளக்கெண்ணெய் பேதிக்கு எடுத்துக் குடலைக் கழுவினால் ஈஸ்ட் போய்விடாது. தண்ணீரும் உப்பும்தான் போகும்.

ஒரு வேடிக்கை: ஈஸ்ட்டை அடக்க ஈஸ்ட். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற நல்ல ஈஸ்ட், 250 மில்லிகிராம் பாக்கெட்டாக மெடிக்கலில் கிடைக்கும். ஹென்றி பவுலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1920-களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. ஆன்டிபயாட்டிக் இதைக் கொல்லாது என்பதால், அதனால் வரும் பேதியைத் தடுக்கச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும், சுடுதண்ணீரில் கூடாது. பூஞ்சைக்கொல்லி மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் காசு வீண். அது இதையும் கொன்றுவிடும். எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்கள், கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் ஊசி போட்டிருப்பவர்கள் தொடக் கூடாது. ரத்தத்தில் கலந்தால் ஆபத்து.

சர்க்கரையைக் குறைத்த மூன்றாம் நாள் தலைவலி, அசதி, எரிச்சல் வரும். 'ஈஸ்ட் கூட்டமாகச் செத்து விஷத்தைக் கக்குகிறது, நல்ல அறிகுறி' என்று வலைத்தளங்கள் தைரியம் சொல்லும். கிருமி சாகும்போது காய்ச்சல் வருவது சிபிலிஸ் சிகிச்சையில் மருத்துவர்கள் கண்டது. அதை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். இங்கே நடப்பது பெரும்பாலும் காபி குறைந்தது, சோறு குறைந்ததால் உடம்பிலிருந்து நீரும் உப்பும் இறங்கியது. உப்பிட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடியுங்கள். ஆனால் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குக் கை நடுக்கமும் வியர்வையும் வந்தால் அது சர்க்கரை இறங்கிய அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். அவர்கள் சோற்றின் அளவைக் குறைப்பதற்கு முன்பே மருந்தளவை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இந்த இடத்தில் 'அறிகுறி நல்லது' என்று பேசாமல் இருந்தால் உயிருக்கே வம்பு.

சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு வருவது சகஜம். அதுவும் ஈஸ்ட்தான், ஆனால் குடலிலிருந்து கிளம்பியது இல்லை. எவ்வளவு பத்தியம் இருந்தாலும் போகாது. சிறுநீர் கழித்தபின் வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைப்பது, மருத்துவர் தரும் களிம்பு, இவை போதும். மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்.

விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொல்லை: இதில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, நேராகக் குடல் மருத்துவர். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை மெடிக்கலில் தானே கேட்டு வாங்குவதும் கூடாது. ரத்தம் மெலியும் மருந்தான வார்ஃபாரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு, சில சுகர் மாத்திரைகளோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

நான்காம் வாரம் புதிதாக எதுவும் சேர்க்காமல் அப்படியே ஓட்டுங்கள். ஒரு சின்ன நோட்டில் முதல் வாரத்திலிருந்தே தினமும் மூன்று எண்: காலையில் எழுந்ததும் இடுப்புச் சுற்றளவு, ராத்திரி படுக்கும்முன் இடுப்புச் சுற்றளவு, மலம் கழித்த தடவை. இரண்டு சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்புசத்தின் அளவு. முதல் வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் குறைந்ததா இல்லையா என்று நோட்டே சொல்லும். குறையவே இல்லை என்றால் பத்தியத்தை இன்னும் இறுக்காதீர்கள். ஜியார்டியா கிருமிக்கு மலப் பரிசோதனை, தைராய்டு, லாக்டோஸ் என்று வேறு கதவுகளைத் தட்டுங்கள்.

குறைந்திருந்தால் ஐந்தாம் வாரம் நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள், ஒன்றுக்கு மூன்று நாள் வீதம். பழத்தை நிறுத்தியிருந்தால் அதுவே முதலில்: நூறு கிராம் கொய்யா, தோலோடு. அடுத்து ஒரு மலைவாழை. பாலையும் நிறுத்தியிருந்தால் பிறகு பால், அரை டம்ளர். பரோட்டா கடைசியில். காபியில் சர்க்கரையைக் குறைத்து நான்கு வாரம் பழகிய நாக்குக்குப் பழைய இரண்டு ஸ்பூன் திகட்டும். அரை ஸ்பூனிலேயே நின்றுவிடும்.